புகையை வடிக்கும் மண்

காரின் இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வழியில், சைலன்சருக்கு முன்பாக, துருப்பிடிக்காத எஃகு உறைக்குள் ஒரு கட்டி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மெக்கானிக்குகள் அதைக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பார்கள். உறையை அறுத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சுட்ட மண். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊடுருவிச் செல்லும் ஆயிரக்கணக்கான சதுரத் துளைகள் அதில் இருக்கும். பரவலாகப் பயன்படும் வகையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60-க்கும் மேற்பட்ட துளைகள் உண்டு. இரண்டு துளைகளுக்கு நடுவே நிற்கும் சுவரின் கனம் ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். இந்த மண்ணின் பெயர் கார்டிரைட்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. உலகெங்கும் பீங்கான் சூளைகளில் சரக்கை அடுக்கி வைக்கும் பலகைகளும் தாங்கிகளும் பெருமளவில் கார்டிரைட் கலந்தே செய்யப்படுகின்றன. சூளை ஆயிரம் டிகிரியைத் தாண்டிச் சூடாகும், பிறகு ஆறும், மறுபடி சூடாகும். அந்த ஏற்ற இறக்கத்தில் விரிசல் விடாத பலகை வேண்டும் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் இது. அதே காரணத்துக்காகத்தான் காரின் புகைக்குழாய்க்குள்ளும் போனது. வாகனப் புகை குறைந்த வரலாற்றின் நடுவில் இந்த மண் இருக்கிறது. எந்த நிபந்தனையில் இது வேலை செய்கிறது, எப்போது கைவிரிக்கிறது என்று பார்த்தால், விருத்தாசலம் மாதிரியான ஒரு நடுத்தர ஊர் தன் காற்றைக் காக்க எதில் கை வைக்க வேண்டும் என்பதும் தெரிய வரும்.

விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் வரக் காரணம் பக்கத்து நிலத்தடியில் இருக்கிறது. கிழக்கே சுமார் 25 கிலோமீட்டரில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால் அதன் மேல் கிடக்கும் மண்ணை முதலில் வாரி அப்புறப்படுத்த வேண்டும். அந்த மேல்மண்ணோடு பீங்கானுக்கு உகந்த வெண்களிமண்ணும் கிடைத்தது. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் சேலத்துக்கும் கடலூருக்கும் கிளை பிரிகிற ஜங்ஷன் என்பதால் சரக்குப் போக்குவரத்துக்கும் குறையில்லை. அரசு தொழிற்பேட்டையை அமைத்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்க ஓர் அரசுப் பயிலகமும் இங்கேயே வந்தது. கோப்பை, ஊறுகாய் ஜாடி, பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் பெட்டியில் செருகும் ஃபியூஸ் கேரியர் என்று தமிழ்நாட்டு வீடுகளுக்குள் விருத்தாசலத்து மண் நுழைந்தது.

ஊரின் இன்னொரு முகம் சாலை. கடலூர்–சேலம் சாலை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. நெய்வேலிப் பக்கத்து லாரிகள், அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், நாலாபுறத்துக் கிராமங்களிலிருந்தும் வரும் பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், இவற்றுக்கு இடையில் எண்ணிலடங்காத இருசக்கர வாகனங்கள். ஊருக்குள் பாலக்கரையில் போக்குவரத்து நெருக்கும் நேரத்தில் நிற்பவருக்குக் கண் எரிச்சலுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் சொல்ல வேண்டியிருந்த ஊர் ஒன்று உண்டு. 1943 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒரு மூட்டம் சூழ்ந்தது. கண்ணில் நீர் வடிந்தது, தொண்டை கரகரத்தது. ஆலைகள் மேல் பழி விழுந்தது. ஓர் ஆலையை நிறுத்தியும் மூட்டம் விலகவில்லை. அன்னாசிப் பழத்தின் மணம் எந்த வேதிப்பொருள்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர், அதே முறையில் அந்த நகரத்துக் காற்றையும் பிரித்துப் பார்த்தார். கார்களிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலான எரிச்சலூட்டும் வாயுக்களாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். வாகன நிறுவனங்கள் இதை நீண்ட காலம் மறுத்தன. வெயிலும் வாகனமும் இருந்தால் போதும் என்பதால், ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் தமிழ்நாட்டுக்கு இந்தக் கண்டுபிடிப்பு நேரடியாகப் பொருந்தும்.

1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. ஐந்தே ஆண்டுகளில், 1975 மாடல் கார்கள் வெளியிடும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறைய வேண்டும். அதைச் செய்யும் கருவி அப்போது எந்தக் கடையிலும் இல்லை. இலக்கை முதலில் சட்டமாக்கி, கருவியைப் பிறகு கண்டுபிடிக்க வைத்த துணிச்சல் அது. அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். இயலுமா என்று தொழிற்சாலையிடம் கேட்டுவிட்டு எழுதிய சட்டமாக இருந்திருந்தால் பதில் 'இயலாது' என்பதாகவே இருந்திருக்கும்.

பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மேல் பட்டால் கார்பன் மோனாக்சைடு எளிதாகக் கார்பன் டை ஆக்சைடாக மாறும் என்பது வேதியியலாளர்களுக்கு முன்பே தெரியும். யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே அப்படி ஒரு கருவியைச் செய்திருந்தார். சிக்கல், அந்த விலையுயர்ந்த உலோகத்தை எதன் மேல் பூசுவது என்பதில் இருந்தது. புகை தடையின்றிப் போக வேண்டும். போகும்போது பரந்த பரப்பைத் தொட வேண்டும். குளிர்ந்த நிலையிலிருந்து பல நூறு டிகிரிக்குச் சில நிமிடங்களில் போய்த் திரும்பினாலும் வெடிக்கக் கூடாது. குண்டும் குழியுமான சாலையில் பல்லாண்டு அதிர்ந்தாலும் உதிரக் கூடாது.

விடை நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நிறுவனத்திலிருந்து வந்தது. ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்டு லூயிஸ் ஆகிய மூவரும் 1970-களின் தொடக்கத்தில் இதை முடித்தார்கள். மாக்கல் மாவு, வெண்களிமண், அலுமினா மூன்றையும் குழைத்து, பேக்லி வடிவமைத்த எஃகு அச்சின் வழியே பிதுக்கினார்கள். இடியாப்பம் பிழிகிற வேலைதான். இங்கே இழைகள் தனித்தனியாகப் பிரியாமல், வெளியே வரும்போதே ஒன்றோடொன்று ஒட்டி, துளைகளைச் சூழ்ந்த வலைச் சுவராக நிற்க வேண்டும். காய்ந்த பிறகு ஏறக்குறைய 1400 டிகிரி செல்சியஸில் சுட்டார்கள்.

லாக்மனும் லூயிஸும் கண்டது இன்னும் நுட்பமானது. வெண்களிமண்ணின் துகள் மெல்லிய தகடு. குறுகலான வாய் வழியே பிதுங்கும்போது இந்தத் தகடுகள் சுவரின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. சுடும்போது அங்கே உருவாகும் கார்டிரைட் படிகங்களும் அதே ஒழுங்கில் அமைகின்றன. அந்தத் திசையில் சூட்டினால் விரிவது மிகவும் குறைந்துவிடுகிறது. கணக்காகச் சொன்னால், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சாதாரணப் பீங்கானை 800 டிகிரி சூடாக்கினால் 0.4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே அளவு கார்டிரைட் கட்டி நீளுவது 0.1 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. விரியாத பொருளுக்கு விரிசல் பயமில்லை. களிமண்ணைக் கையால் பிசைந்து, எந்தப் பக்கம் இழுத்தால் எந்தப் பக்கம் சுருங்கும் என்று அனுபவத்தில் அறிந்த எந்த ஊர்க் குயவரும் இந்தக் கண்டுபிடிப்பின் உட்பொருளை ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார்.

சுவரின் மேல் அலுமினாப் பூச்சு ஒன்று ஏறுகிறது. நுண்துளை நிறைந்த அந்தப் பூச்சையும் விரித்துக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கட்டிக்குள் இரண்டு ஏக்கருக்கும் அதிகமான பரப்பு அடங்கியிருக்கும். பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை சில கிராம் மட்டும். ஆக்சிஜனைத் தேக்கி வைத்துத் தேவைப்படும்போது விடுவதற்கு சீரியம் ஆக்சைடும் உண்டு. சீரியம், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் மணலில் உள்ள தனிமம்.

இவ்வளவு செய்தும், புகையில் ஆக்சிஜனின் அளவு சரியாக இருந்தால்தான் மூன்று நச்சுகளும் ஒரே நேரத்தில் அழியும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனை வாங்கி எரிய வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு தன் ஆக்சிஜனை விட்டுக்கொடுத்து வெறும் நைட்ரஜனாக வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே இது நடக்கும். அந்த விகிதத்தைக் காக்க, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து இன்ஜினுக்குத் தகவல் சொல்லும் உணரியைப் போஷ் நிறுவனம் உருவாக்கியது. 1976-இல் வோல்வோ கார்களில் பொருத்தப்பட்டது. அதன் உயிர்ப்பகுதி சிர்கோனியா, அதுவும் பீங்கான் வகை. பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்தும் அலுமினாப் பீங்கான். நெருப்பைப் பற்ற வைப்பது, புகையை அளப்பது, புகையைச் சுத்தமாக்குவது ஆகிய மூன்றுமே சுட்ட மண்ணை நம்பியிருக்கின்றன.

இந்தக் கருவிக்குப் பெரும் எதிரி ஈயம். 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் சேர்த்தால் இன்ஜினின் தட்டல் சத்தம் நிற்கும் என்று கண்டார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்துக் குழந்தைகள் அந்த ஈயத்தைச் சுவாசித்தார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்ற எச்சரிக்கைகள் இருந்தும் எண்ணெய் நிறுவனங்கள் அசையவில்லை. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்ததும் நிலைமை மாறியது: ஈயம் படிந்தால் பிளாட்டினம் செத்துவிடும், ஆகவே ஈயமில்லாப் பெட்ரோல் கட்டாயம். களிமண் கட்டியைக் காப்பாற்ற வந்த பெட்ரோல், குழந்தைகளையும் காப்பாற்றியது. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல்தான் அதை நிறுத்தியது.

இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அந்த நகரங்களில் கிடைக்கத் தொடங்கியது. நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில். நடுவில் போன அந்த ஐந்தாண்டுகளைச் சிறு ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். சென்னையில் வாங்கிய புதுக் கார் உள்மாவட்டத்துச் சாலையில் ஈயப் பெட்ரோலை நிரப்பிக்கொண்டால், சில முறை நிரப்பியதிலேயே வினையூக்கி பாழ். பெருநகரத்துக்கு ஒரு விதி, மற்ற ஊருக்கு வேறு விதி என்ற இந்தப் பழக்கம் அதன் பிறகும் தொடர்ந்தது. வாகனப் புகைக்கான பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010-இல் 13 நகரங்களுக்கு வந்தன. நாடு முழுவதையும் அவை எட்டியது 2017 ஏப்ரலில்தான். ஏழு ஆண்டுகள் விருத்தாசலத்துக் காற்று சென்னைக் காற்றைவிட மலிவானதாக மதிக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

அந்தப் பழக்கத்தை ஒழித்தது 2020 ஏப்ரல் 1. ஐந்தாம் நிலையைத் தாண்டி, பாரத் ஸ்டேஜ் 6 ஒரே நாளில் நாடு முழுவதற்கும் வந்தது. பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கந்தகமும் வினையூக்கியை மழுங்கடிக்கும் என்பதால் இது கருவிக்கும் நல்லது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்ற துகள் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாக இறங்கியது. இதற்காக டீசல் புகைக்குழாயிலும் மண் புகுந்தது. தேன்கூடு வடிவக் கட்டியில் துளைகளை ஒன்றுவிட்டு ஒன்று அடைத்துவிடுவார்கள். நுழைந்த துளையில் வெளியேற வழியில்லாத புகை, நுண்துளைச் சுவரை ஊடுருவிப் பக்கத்துத் துளைக்குப் போய்த்தான் வெளிவர முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். கார்டிரைட்டிலும் சிலிக்கன் கார்பைடிலும் இந்த வடிகட்டிகள் வருகின்றன. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக அறிவித்ததை நினைத்தால், இந்தச் சுவர் எத்தனை பேருக்கும் எமனுக்கும் நடுவில் நிற்கிறது என்பது புரியும்.

இனி இந்தக் கருவி தோற்கும் இடங்கள்.

தேய்ந்த இன்ஜின் ஆயிலைக் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து மூடுகிறது. ஸ்பார்க் பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் எரியாத பெட்ரோல் கட்டிக்குள் போய் எரிகிறது. வெப்பம் எல்லை மீறிச் சுவர்கள் உருகி அடைத்துக்கொள்ளும். 'இழுவை இல்லை' என்று வண்டி பட்டறைக்கு வரும். புதுக் கருவியின் விலை அதிர்ச்சியளிக்கும். உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு வெற்று உறையை மறுபடி பற்ற வைத்துக் கொடுப்பதும், பழைய கட்டியைப் பிளாட்டினத்துக்காக எடைபோட்டு விற்பதும் நாடெங்கும் நடக்கிற காரியங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. டீசல் வடிகட்டியிலும் இதே கதை: சேர்ந்த கரியை 600 டிகிரி அளவில் எரித்துத் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள அதற்கு நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியது புகைச் சோதனை. நம் புகைச் சோதனை மையத்தில் பெட்ரோல் வண்டிக்கு, நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தி பார்க்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதில்லை. வடிகட்டி உடைந்த டீசல் கார்கூட இந்த அடர்த்திச் சோதனையில் தேறிவிட முடியும், ஏனென்றால் மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்கும் இந்தக் கருவிக்கும் பெரும்பாலும் தட்டுப்படாதவை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இதற்கான அபராதத்தை 10,000 ரூபாய் வரை உயர்த்தியது. அபராதத்தின் அளவைவிடச் சோதனையின் நேர்மை முக்கியம் என்பது என் கருத்து. சோதனையை மட்டும் ஏமாற்றி, சாலையில் பலமடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கிய டீசல் கார்களை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் உலகெங்கும் விற்றது 2015 செப்டம்பரில் அம்பலமானது. அதன் பின்விளைவாகவே ஓடும் சாலையில் அளக்கும் முறை பல நாடுகளில் வந்தது. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு அது சேர்க்கப்பட்டுள்ளது. விற்ற பிறகு பத்தாண்டு ஓடும் வண்டியை அப்படி அளப்பார் யாருமில்லை.

விருத்தாசலம் வட்டாரத்துக்கே உரிய ஓட்டை ஒன்று டிராக்டர். காருக்கும் லாரிக்கும் பாரத் ஸ்டேஜ் 6 என்றால், டிராக்டருக்குத் தனி விதி. 2023 ஜனவரியில் வந்த கடுமையான நிலை 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு மட்டும் பொருந்தும். நம் வயல்களில் உழுவதும், ஆலைக்குக் கரும்பு இழுப்பதும் பெரும்பாலும் அதற்குக் கீழானவை. 2010-ஐ ஒட்டி வந்த விதிகளே அவற்றுக்குப் போதும், வடிகட்டி தேவையில்லை. விவசாயியின் தலையில் விலை ஏறக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் இரண்டு டிரெய்லர் கரும்போடு ஊர் நடுவே வரும்போது அது உழவு இயந்திரம் அல்ல, சரக்கு வாகனம். அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகளுக்குப் புறவழியையும் நேரத்தையும் ஒதுக்குவது மாவட்ட நிர்வாகத்தால் முடியும்.

மின்சார வண்டி இவை அனைத்துக்கும் விடையல்லவா என்று கேட்பவர்களுக்கு நெய்வேலியைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு: பாலக்கரையில் வெளியேறும் புகை நெய்வேலிப் புகைபோக்கியில் வெளியேறும், அவ்வளவுதானே என்று. இந்த வாதத்தில் பாதி உண்மை. பழுப்பு நிலக்கரி எரிந்தால் கரிமமும் கந்தகமும் சாம்பலும் வரும். அந்தச் சுமையை நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்கள் பல பத்தாண்டுகளாகத் தாங்குகின்றன. அவர்களை மறந்துவிட்டுப் பசுமை வண்டி பற்றிப் பேசுவது அறமாகாது. மறுபாதியையும் பார்க்க வேண்டும். 1962-இல் இயங்கத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. தமிழ்நாட்டு மின்தொகுப்பில் காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகிவருகின்றன. வண்டி வாங்கிய பிறகும் அதன் மின்சாரம் ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாக முடியும்; பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பில்லை. உயரமான புகைபோக்கியில் வெளியேறும் புகையும், நடைபாதையில் போகும் குழந்தையின் மூக்கு மட்டத்தில் வெளியேறும் புகையும் உடலுக்கு ஒன்றல்ல. நாட்டில் பதிவான வாகனங்களில் நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள் என்பதால், மின்சாரத்துக்கு மாற வேண்டிய முதல் வரிசை ஸ்கூட்டரும் ஷேர் ஆட்டோவும்தான். கார் பிறகு வரட்டும்.

விருத்தாசலமே இந்தக் கட்டிகளைச் செய்ய முடியுமா? உடனடியாக முடியாது. காருக்கான கார்டிரைட்டில் இரும்பும் சோடியமும் பொட்டாசியமும் இம்மியளவு கூடினாலே விரிவடையும் தன்மை ஏறிவிடும். கோப்பைக்கு ஏற்ற களிமண் இதற்கு ஏற்றதாகிவிடாது. பிதுக்கும் அச்சின் நுணுக்கம், பல மணி நேரம் ஏறி இறங்கும் சூளையின் கட்டுப்பாடு, வாகன நிறுவனங்களின் ஏற்புச் சோதனை ஆகிய ஒவ்வொன்றும் பெரும் முதலீடு. உலகச் சந்தை கார்னிங், என்ஜிகே போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய படிகள் உள்ளன. வார்ப்பாலைகளில் உருகிய இரும்பிலிருந்து கசடை வடிகட்டவும் பீங்கான் தேன்கூடுகள் பயன்படுகின்றன. கோவையில் வார்ப்பாலைகள் ஏராளம். சூளைப் பலகைகளும் சூளையின் வெப்பத்தை மீட்கும் பீங்கான் அடுக்குகளும் இன்னொரு படி. வெண்களிமண் இங்கே, மாக்னீசியத்துக்கான தாது சேலத்தில், இரண்டையும் இணைக்கும் ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. பயிலகத்தின் மாணவர்கள் ஒரு பழைய கன்வெர்ட்டரை அறுத்துப் படிப்பதிலிருந்துகூடத் தொடங்கலாம். இத்தனை நுண்மாவைக் கையாளும் தொழிலில் சிலிக்கா தூசி தொழிலாளியின் நுரையீரலைத் தின்னும் என்பதையும், சூளையே புகைக்கக் கூடாது என்பதையும் முதல் நாளிலிருந்தே கணக்கில் எடுத்தாக வேண்டும். ஊரின் காற்றைக் காக்கிற பொருளை ஒரு தொழிலாளியின் மூச்சை விலையாகக் கொடுத்துச் செய்ய முடியாது.

எல்லாவற்றையும்விடச் சிறு ஊருக்கு முக்கியமான தகவல் வெப்பநிலை பற்றியது. இந்த மண் கட்டி 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடான பிறகே வேலையைத் தொடங்குகிறது. அதுவரை போகும் புகை ஏறக்குறைய அப்படியே வெளியேறுகிறது. நவீன பெட்ரோல் கார் ஒரு பயணத்தில் வெளியிடும் ஹைட்ரோகார்பனிலும் கார்பன் மோனாக்சைடிலும் பெரும்பகுதி, இன்ஜினைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியேறுவதுதான். நம் வெயிலில் இன்ஜின் ஐரோப்பாவைப் போல உறைந்து கிடப்பதில்லை. என்றாலும் 35 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் இடைவெளி பெரிது. ஆகவே, 100 கிலோமீட்டர் போகும் கார் அந்தச் சில நிமிட அழுக்கை நெடுந்தூரத்தில் பரப்பிக் கரைக்கிறது. ஜங்ஷனிலிருந்து கடைவீதிக்கும், கடைவீதியிலிருந்து பள்ளிக்கும் போய் நின்று ஆறி மறுபடி கிளம்பும் கார், தன் ஓட்டத்தின் கணிசமான பகுதியை வினையூக்கி விழிக்கும் முன்பே முடித்துவிடுகிறது. பாரத் ஸ்டேஜ் 6 காராகவே இருந்தாலும், ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் போகும்போது அதன் புகை விளம்பரத்தில் சொன்ன புகை அல்ல.

தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கியது. அதன் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. விருத்தாசலம் அளவுள்ள ஊர்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. நிதி வரும்வரை பார்த்திருக்காமல் குறுகிய பயணங்களிலிருந்து தொடங்க முடியும். கடைவீதியில் நடப்பவருக்கு இடையூறில்லாத நடைபாதையும் நிழலும், மாணவர்கள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டக்கூடிய சாலை ஓரமும், பள்ளி வாசலில் காத்திருக்கும் வண்டிகளின் இன்ஜினை அணைக்கும் கட்டுப்பாடும் நகராட்சியின் கையில் இருக்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ்ஸில் இடமும், நம்பி நிற்கக்கூடிய நேரமும் இருந்தால் அந்தச் சலுகை ஸ்கூட்டர் சாவியை வீட்டிலேயே விட்டுவரச் செய்யும். ஜங்ஷனில் ரயில் வரும் நேரத்துக்கும் அங்கிருந்து பஸ் நிலையத்துக்குப் புறப்படும் டவுன் பஸ் நேரத்துக்கும் பொருத்தம் ஏற்படுத்துவதற்கு ஒரு ரூபாய்கூட முதலீடு வேண்டாம். ரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் ஒரு மேசையில் உட்கார்ந்து கால அட்டவணையைத் திருத்தினால் முடிந்துவிடுகிற வேலை அது.